சைக்கிளுக்கு எந்த லைட்? புளியரை ரோட்டுக் கணக்கு

அக்கா மகனுக்கு, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆரியங்காவில் ஒரு மர மில்லில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். மலைக்கு இந்தப் பக்கம் உள்ள புளியரையில் நாலரைக்கே கிளம்பி, மலைப்பாதையைப் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் ஏறி, கோட்டைவாசல் கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். சைக்கிள் பரவாயில்லை, ஆனால் லைட் கிடையாது. போன வாரம் வீட்டுக்கு வந்தவன் கேட்டான்:

"மாமா, கையில ஆயிரத்தைந்நூறு இருக்கு. முன்னாடிக்கு நல்லதா ஒரு லைட்டு வாங்கிருவோமா?"

"முதல்ல பின்னாடிக்கு வாங்கு மாப்ளே, மிச்சத்துல முன்னாடிக்குப் பாப்போம்" என்றேன். அவனுக்கு அது சரியாகப் படவில்லை. வழி தெரிய வேண்டாமா என்று கேட்டான். நியாயமான கேள்விதான். இந்தச் சாலையில் எட்டு வருடமாகச் செங்கோட்டைக் கடையை அடைத்துவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வீட்டுக்கு மிதித்து வருகிறவன் நான். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

முன்லைட் மங்கினால் உடனே நமக்குத் தெரியும். பள்ளம் தெரியவில்லை என்றால் இறங்கித் தள்ளலாம். பின்லைட் அணைந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. எரிகிறது என்று நம்பிக்கொண்டு இருட்டில் போய்க்கொண்டே இருப்போம். அது எரியவில்லை என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் பின்னால் வருகிற டாரஸ் லாரிக்காரர்தான்.

எனக்கு அது போன ஆடி மாதத்தில் நடந்தது. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் மாட்டுகிற சின்னச் சிவப்பு லைட் வைத்திருந்தேன். சார்ஜ் முழுதாக இருந்தது. அன்றைக்குக் கேரியரில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. சாரல் வேறு அடித்தது. புளியரை வந்து டீக்கடையில் ஒதுங்கினேன். பின்னாலேயே வந்து நிறுத்திய கொல்லத்துக்காரர் ஒருவர் லாரியிலிருந்து இறங்கி வந்து, "அண்ணா, புறகில் லைட் காணான் இல்லல்லோ" என்றார், பின்னால் லைட்டே தெரியவில்லையே என்று. கோபமாகச் சொல்லவில்லை, பதறிப்போய்ச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் லைட் நன்றாக எரிந்துகொண்டிருந்தது, மூட்டைக்கும் சீட்டுக்கும் நடுவில். ஏழெட்டு கிலோமீட்டர் அப்படியே வந்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் பின்லைட்டில் எது நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், அதை எங்கே மாட்டப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். சீட்டுக் குழாயில் மாட்டுவது கேரியரே இல்லாத சைக்கிள்களுக்குச் சரி. நம் ஊரில் கேரியர் சும்மா இருப்பதே அபூர்வம். அரிசி, தேங்காய், பால் கேன், பிள்ளையின் பை என்று எதாவது ஏறிக்கொண்டே இருக்கும். கேரியரின் பின் விளிம்பிலோ, மட்கார்டிலோ திருகாணி போட்டு முடுக்குகிற மாதிரி லைட்தான் நமக்கு ஒத்துவரும். ரப்பர் பட்டையால் கட்டுகிறவை ரோட்டில் ஒரு குலுக்கு விழுந்தால் மெல்லத் தரையைப் பார்க்கத் திரும்பிவிடும். அதையும் ஓட்டுகிறவர் பார்க்க முடியாது.

சரி, பின்னால் வருகிறவருக்கு எவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும்? சமதளத்தில் லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, நாம் 15இல் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 35. நொடிக்குக் கிட்டத்தட்ட பத்து மீட்டர் நம்மை நெருங்குகிறது. நாற்பது மீட்டரில்தான் நாம் தெரிந்தோம் என்றால் டிரைவருக்குக் கிடைப்பது நாலு நொடி. எதிரிலும் வண்டி வந்தால் அந்த நாலு நொடியில் அவரால் ஒதுங்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. இருநூறு மீட்டரில் தெரிந்தால் இருபது நொடி. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பலரும் ரிஃப்ளெக்டர் போதும் என்கிறார்கள். ரிஃப்ளெக்டரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேட்டரி வேண்டாம், மழையில் கெடாது, மறந்தாலும் வேலை செய்யும். 2020இல் மத்திய அரசு சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கென்றே தரக்கட்டுப்பாட்டு ஆணை ஒன்றும் கொண்டுவந்தது. ஆனால் அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தன் மேல் விழுகிற வெளிச்சத்தை, அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். புளியரைக்கு மேலே உள்ள எஸ் வளைவை நினைத்துப் பாருங்கள். வளைவில் திரும்புகிற லாரியின் ஹெட்லைட் நேரே மலைப் பாறையிலோ பள்ளத்தாக்கிலோ விழும். வளைவுக்குள் இருக்கிற நம் மேல் விழ வண்டி முழுதாகத் திரும்ப வேண்டும், அதற்குள் பக்கத்தில் வந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. லாரி டிரைவரின் கண் ஹெட்லைட்டைவிட ரொம்ப உயரத்தில் இருக்கிறது. ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை ஹெட்லைட்டுக்கே திருப்பி அனுப்புவதால், கார்க்காரருக்குப் பளிச்சென்று தெரிவது லாரிக்காரருக்கு மங்கலாகத்தான் தெரியும். இந்த ரோட்டில் ராத்திரி ஓடுவதில் பெரும்பாலானவை எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள். ஆகவே ரிஃப்ளெக்டர் கட்டாயம் இருக்கட்டும், லைட் அணைந்த நேரத்துக்குத் துணையாக.

ரிஃப்ளெக்டரில் ஒரு மலிவான வழி இருக்கிறது. லாரிகளின் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ஒளிர்பட்டை ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு மீட்டர் வாங்கி, மட்கார்டில் ஒரு துண்டு, பெடலின் பின் விளிம்பில் துண்டு துண்டாக, மிச்சத்தைக் கணுக்காலில் கட்டுகிற பட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். மேலும் கீழும் போகிற ஒளியைப் பார்த்தவுடன் மனுஷன் மிதிக்கிறான் என்று கண்ணுக்குப் புரிந்துவிடும். அசையாத ஒரு சிவப்புப் புள்ளி மைல்கல்லாகவும் இருக்கலாம், நிறுத்தி வைத்த வண்டியாகவும் இருக்கலாம்.

லைட்டுக்கே வருவோம். பித்தான் செல் (வாட்ச்சில் போடுகிற மாதிரித் தட்டையான பேட்டரி) போட்ட சின்ன மினுக்கு லைட்கள் நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. தெருவிளக்கு உள்ள ஊருக்குள் சரி. இங்கே முக்கிய லைட்டாக அதை நம்பக் கூடாது. அடுத்து இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி, அதாவது டிவி ரிமோட்டில் போடுகிற ஒல்லிப் பேட்டரி, போடுகிறவை. அப்புறம் யூஎஸ்பி சார்ஜ் வகை. பிரகாசத்தில் யூஎஸ்பி வகை பெரும்பாலும் முன்னால் நிற்கும், ஆனால் எனக்கு இரண்டு குறை. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி ஒரு வருடத்தில் தளர்ந்துவிடுகிறது. பின் சக்கரம் தெறிக்கிற சேறும் தண்ணீரும் நேராக அங்கேதான் அடிக்கும். இரண்டாவது, சார்ஜ் தீர்ந்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. டிரிபிள் ஏ பேட்டரி ஆரியங்காவு டீக்கடையிலும் கிடைக்கும், புளியரைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அதனால் பின்லைட்டுக்கு என் ஓட்டு டிரிபிள் ஏ வகைக்கு. சார்ஜை மறக்காமல் போடும் பழக்கம் உள்ளவர்கள் யூஎஸ்பி வாங்கலாம், மூடி தடிமனாக இருக்கிறதா என்று நகத்தால் திறந்து பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். 6 என்றால் பலமாகப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் நம் ரோடு முழுக்க அடிக்கும், ஐப்பசியில் அடைமழை. முன்னுக்கு 4 போதும் என்றாலும், பின்னுக்கு 6 இருந்தால் நிம்மதி.

மினுக்க வேண்டுமா, நின்று எரிய வேண்டுமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. மினுக்குகிற லைட் கண்ணைச் சட்டென்று இழுக்கும், ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிப்பது கஷ்டம். ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கு லைட் சட்டப்படியே கூடாது. நான் இரண்டையும் வைக்கிறேன். கேரியரில் நின்று எரிவது, பின்சட்டத்தில் தாழ்வாக ஒரு சின்ன மினுக்கு. ஒன்று அணைந்தாலும் இன்னொன்று இருக்கும் என்பதுதான் இதில் பெரிய லாபம்.

பகலிலும் போட்டுக்கொண்டு போனால் பலன் உண்டா என்று மருமகன் கேட்டான். உண்டு. டென்மார்க்கில் ஒடென்ஸே நகரத்தில் 2004, 2005 வாக்கில் சுமார் நாலாயிரம் சைக்கிள்காரர்களை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரு பாதியினரின் சைக்கிள்களில் எப்போதும் எரியும் லைட், மறு பாதியினர் வழக்கம்போல. எப்போதும் எரியும் லைட் வைத்தவர்களுக்குக் காயம்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவு. ஆரியங்காவிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு மஞ்சு (மூடுபனி) இறங்குகிற நாட்களில் அவன் அதைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

இனி முன்லைட்.

எங்கள் அப்பா காலத்தில் ஒரே வழிதான், டைனமோ. லைட் இல்லாமல் போனால் போலீஸ் காற்றைப் பிடுங்கிவிடும் என்று பயந்து ஓட்டிய காலம். புட்டி மாதிரி இருக்கும் அந்த டைனமோவை இன்றைக்கும் செங்கோட்டைச் சைக்கிள் கடை அண்ணாச்சி மாட்டித் தருவார். டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழன்று 6 வோல்ட், 3 வாட் தரும். அதில் முன்னுக்கு 2.4, பின்னுக்கு 0.6. பேட்டரி செலவே இல்லை. ஒழுங்காக மாட்டினால் பத்து வருடம் உழைக்கும். ஒழுங்காக என்றால், டைனமோவின் அச்சு சக்கரத்தின் நடு மையத்தை நேராகப் பார்க்க வேண்டும். கோணல் இருந்தால் டயரையும் தின்னும், காலையும் இழுக்கும். திரும்பும் மின்சாரம் சைக்கிள் சட்டம் வழியாகவே போவதால், முடுக்குகிற திருகாணி பெயிண்டைக் குத்தி இரும்பைத் தொட வேண்டும். அண்ணாச்சி அந்த இடத்தில் அரத்தால் நாலு இழுப்பு இழுத்துப் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் மாட்டுவார். அப்படிச் செய்யாத கடைகளில் மாட்டினவை அடுத்த மழைக்கு எரியாது. பழைய பல்பு வகையில் இன்னொரு தொல்லை, பின்பல்பு பியூஸ் போனால் அதன் பங்கு மின்சாரமும் முன்பல்புக்கே வந்து அதையும் சேர்த்து எரித்துவிடும். எல்இடி போட்டுக்கொண்டால் அந்தக் கவலை குறையும்.

செங்கோட்டையிலிருந்து புளியரை வரை சமதள ரோட்டுக்கு டைனமோ இன்றைக்கும் நல்ல தேர்வுதான். மலைப்பாதைக்குத்தான் வேண்டாம் என்கிறேன். ஏற்றத்தில் ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறோம், லைட் மின்மினி மாதிரி ஆகிவிடும். இறங்கித் தள்ளினால் அதுவும் இல்லை. லாரிகள் நம்மை ஒட்டி ஊர்ந்து ஏறுவதும் அதே இடத்தில்தான். சாரலில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும், அப்போதும் இருட்டு. வெளிச்சம் ரொம்பத் தேவையான நேரம் பார்த்துக் கைவிடுகிற பொருள் மலைக்கு ஆகாது.

சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே (ஹப்) வைத்த டைனமோவில் இந்த வழுக்கல் கிடையாது. கூட வரும் நல்ல எல்இடி லைட்டில் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற சின்ன மின்தேக்கி இருக்கும், நின்றாலும் சில நிமிடம் எரியும். ஜெர்மனியில் 2013 வரை சைக்கிளுக்கு டைனமோ சட்டப்படி கட்டாயமாக இருந்ததால், அங்கே இதில் அருமையான பொருட்கள் வளர்ந்தன. ஜப்பானின் ஷிமானோவும் செய்கிறது. ஆனால் சக்கரத்தையே புதிதாகக் கோர்க்க வேண்டும், விலையும் பல ஆயிரம். பத்து வருடம் தினமும் ஓட்டப் போகிறேன் என்று உறுதியாக இருக்கிறவருக்குச் சொல்வேன். ஆயிரத்தைந்நூறுக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு வழி, தலையில் கட்டுகிற லைட். விடிவதற்கு முன்னாலேயே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கட்டுவது. மருமகனின் கூட்டாளி அதைத்தான் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறானாம். மரத்தடியில் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது அதற்கு ஈடு இல்லை. பஞ்சர் பார்க்கவும் அருமை. ரோட்டில் அது சரிப்படாது. எதிரே வருகிறவரைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் வெளிச்சம் நேராக அவர் கண்ணில். வளைவில் ஒரு பைக்குக்காரர் கண் கூசிச் சறுக்கினால் அந்தப் பாவம் நமக்குத்தான். மஞ்சில் இன்னும் மோசம். வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவதால் பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வரும். வெள்ளைச் சுவர் ஒன்று மட்டும்தான் முன்னால் தெரியும்.

மஞ்சு உள்ள ஊர்க்காரர்கள் லைட்டைத் தாழ்த்தி மாட்டுவதற்கும் இதுதான் காரணம். ஹேண்டில்பாரில் இருப்பதைவிட, முன்சக்கரத்துக்கு மேலே ஃபோர்க்கின் தலையில் மாட்டினால் பனியின் எதிரொளி குறையும். அத்தோடு பள்ளத்தின் நிழல் நீண்டு விழும், சின்னக் குழிகூட முன்கூட்டியே தெரியும். கூடை வைத்த சைக்கிளிலும் கூடை மறைக்காது.

பேட்டரி முன்லைட் வாங்கும்போது எல்லோரும் லூமென் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். லூமென் என்பது லைட் மொத்தமாகக் கக்குகிற வெளிச்சம். அது மரக்கிளையிலும் எதிராளியின் கண்ணிலும் விழுந்தாலும் கணக்கில் சேரும். ரோட்டில் எவ்வளவு விழுகிறது என்று சொல்வது லக்ஸ். ஜெர்மனியில் பத்து மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும் என்று விதி, அதோடு மேல் பக்கம் வெட்டிவிட்டது போல ஒளி நிற்க வேண்டும். பைக் ஹெட்லைட்டை டிம் பண்ணினால் சுவரில் ஒரு கோடு விழுமே, அது மாதிரி. அப்படி வெட்டொளி தரும் லைட்டில் கொஞ்சம் லூமெனே ரோட்டை நிரப்பிவிடும். டார்ச் மாதிரி வட்டமாக அடிப்பதில் பாதி வீண். வாங்க முடிந்தவர்கள் வெட்டொளி லைட்டையே வாங்குங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில் அது கிடைப்பதில்லை, ஆன்லைனில் நான் பார்த்தவையும் மருமகனின் கைக்கு மேலேதான்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? சமதளத்தில் 15 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு நாலு மீட்டர் சொச்சம். பதினைந்து மீட்டர் தெரிந்தால் போதும். மலையிலிருந்து இறங்கும்போது முப்பதைத் தொட்டால் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். பார்த்துப் பிரேக்கில் கை வைப்பதற்குள் பன்னிரண்டு மீட்டர் போய்விடும், நிற்க இன்னும் ஒன்பது பத்து, ஈர ரோடு என்றால் அதற்கும் மேல். முப்பது மீட்டராவது தெரிய வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். அதனால் லைட்டின் விலையை ஏற்றுவதைவிட, இறக்கத்தில் வேகத்தை இருபதுக்குக் குறைப்பது சுலபம். மருமகனிடம் இதைக் கண்டிப்பாகவே சொன்னேன்.

பேட்டரி எண்ணிலும் ஏமாறக் கூடாது. 18650 என்ற விரல் கனப் பேட்டரியில் 9900 மில்லி ஆம்பியர் மணி (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்த அளவுப் பேட்டரியில் நல்லவையே மூவாயிரத்தைந்நூறைச் சுற்றித்தான் நிற்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி உள்ள உண்மையான பேட்டரியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 7.4 வாட் மணி. 3 வாட் லைட் அதில் இரண்டரை மணி நேரம் போலத்தான் எரியும். பெட்டியில் பத்து மணி நேரம் என்று இருந்தால் அது மங்கல் வெளிச்சத்துக்கோ மினுக்கலுக்கோ சொன்ன கணக்கு. ஹார்னும் லைட்டும் சேர்ந்து வருகிற வகைகளை நான் தவிர்ப்பேன். ஹார்னுக்கென்று விட்ட துளைகள் வழியாகச் சாரல் உள்ளே போய்விடுகிறது.

கடைசியில் வாங்கியது இதுதான். பின்னுக்கு டிரிபிள் ஏ வகை, திருகாணி முடுக்குவது, 450 ரூபாய். துணைக்குச் சின்ன மினுக்கு 120. ஒளிர்பட்டை ஒரு மீட்டர். முன்னுக்கு யூஎஸ்பி சார்ஜ் லைட், வட்ட ஒளிதான், 750. வட்ட ஒளி என்பதால் குறி வைப்பதில் கவனம் வேண்டும். லைட் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஐந்து மீட்டர் தள்ளி உள்ள சுவரில் ஒளியின் நடு அதில் பாதி உயரத்தில் விழ வேண்டும். அப்படி வைத்தால் பத்து மீட்டரில் தரையைத் தொடும், எதிராளி கண்ணில் அடிக்காது. இறக்கத்தில் முப்பது மீட்டர் இதில் கிடைக்காது, வேகத்தை இருபதுக்குள் வைத்துத்தான் இறங்க வேண்டும்.

அண்ணாச்சி கேரியரின் பின்விளிம்பில் ஒரு தகடு வளைத்துப் போட்டு லைட்டை முடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டி அவனைத் தெருவில் ஓட்டச் சொல்லிவிட்டு, இருநூறு தப்படி தள்ளி நின்று பார்த்தேன். மூட்டைக்குக் கீழே சிவப்பு தெளிவாகத் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்து வரும்போது முன்லைட் கண்ணில் அடித்தது. ஒரு விரல் தாழ்த்தச் சொன்னேன்.